தலை சொன்ன ஓம்

வாயைத் திறக்கக் கூடாது, கையை அசைக்கக் கூடாது, கழுகு பறந்துவிடும் என்று சிஞ்ஞோரா காரிலேயே சொல்லிவிட்டார். பட்டினி கிடக்கச் சொல்லியிருந்தால் கிடந்திருப்பேன். வாயை மூடச் சொன்னால் நான் எங்கே போவேன்?

பதின்மூன்று வருடமாக இத்தாலியின் பலெர்மோவில் இந்த எசமானியம்மா வீட்டில்தான் எனக்கு வேலை. அவருக்கு எண்பத்திரண்டு வயது. திங்கட்கிழமை மகன் அவரை மிலானோவுக்கே கூட்டிக்கொண்டு போகிறான். அதற்குள் மதோனியே மலைப் பூங்காவின் பொற்கழுகை ஒருதரமாவது பார்த்துவிட வேண்டுமாம். நாலு குளிர்காலம் வந்தும் கிடைக்கவில்லை. இதுதான் கடைசி.

"உந்தப் பனிக்குள்ளை குருவி பாக்க ஆரும் வருவினமே, செலஸ்ரீனா?" என்று கார் ஓட்டிவந்த என் மனிசன் றெஜி கேட்டார்.

"குருவியில்லை, கழுகு. நீங்கள் காருக்குள்ளையே இருங்கோ."

அவருக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

மரத்தடியில் சிஞ்ஞோராவுக்கு ஸ்டூலை விரித்தேன். அவர் பைனாகுலரோடு இடப்பக்கச் சரிவைப் பார்ப்பார், நான் வலப்பக்கப் பாறையைப் பார்க்க வேண்டும். அவர் புருவத்தை உயர்த்திக் கேட்டால் தலையால் பதில் சொல்ல வேண்டும். இதுதான் ஏற்பாடு.

கொஞ்ச நேரத்தில் பாறையில் வந்து இருந்தது கழுகு, எங்கள் பங்குச்சாமியைப் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. சிஞ்ஞோரா புருவத்தை உயர்த்தினார். நான் தலையாட்டினேன். பெருமூச்சு விட்டுவிட்டு மறுபடி சரிவைப் பார்த்தார்.

இந்த மனுசிக்கு என்ன வந்தது? அடுத்த தடவை இன்னும் பலமாக ஆட்டினேன். குளிரில் நடுங்குகிறேன் என்று நினைத்துத் தன் சால்வையைக் கழற்றி எனக்குச் சுற்றிவிட்டார். மூன்றாம் தடவையும் ஆட்டினேன். கண் கலங்க எழுந்து ஸ்டூலை மடக்கத் தொடங்கினார்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"இஞ்சை இருக்குது மனுசி, கண் தெரியேல்லையோ!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன்.

கழுகு வெருண்டு எழும்பி எங்கள் தலைக்கு மேலாகவே பறந்தது. அதன் நிழல் சிஞ்ஞோராவின் முகத்தில் விழுந்து போனது. வாயைப் பிளந்தபடி, அது மறையும்வரை பார்த்தார்.

"எவ்வளவு நேரமாக இருந்தது?"

"அரை மணி."

"ஏன் சொல்லவில்லை?"

"மூன்று தரம் சொன்னேனே," என்று ஆட்டிக் காட்டினேன், இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு. எங்கள் ஊரில் 'ஓம்' ஆன அது அவர்கள் ஊரில் 'இல்லை' என்று அப்போதுதான் உறைத்தது. வீட்டில் என் வாய் அவர்கள் பாஷையில் 'ஸீ, ஸீ' என்று ஓம் போட்டுக்கொண்டே இருப்பதால் தலையை யாரும் கவனித்ததில்லை. சிஞ்ஞோரா பனியிலேயே இருந்து விக்கி விக்கிச் சிரித்தார்.

திங்கட்கிழமை ஸ்தாசியோனே சென்ட்ராலேயில் ரயிலின் கண்ணாடி மூடியிருந்தது. பார்க்க வருவாயா என்று உள்ளேயிருந்து வாயசைத்தார். நான் சொல்லும் 'ஸீ' கண்ணாடிக்குள் கேட்காது. தலைதான் ஆடியது.

அவரும் ஆட்டினார், இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு. அம்மாவுக்குச் சுளுக்கிக்கொண்டதென்று பக்கத்திலிருந்த மகன் கழுத்தைத் தடவிவிட்டான்.