பத்து மணிக்கு வந்த தண்ணீர்

என் புருஷன் டாரிலுக்கு அவசரம் கூடப்பிறந்தது. கல்யாணத்தன்று பாதிரியார் கேள்வியை முடிக்கும் முன்பே "சம்மதம்" என்று கத்தியவன். அப்போது சிரித்தேன். அதற்குப் பதினெட்டு வருஷமாக அனுபவிக்கிறேன்.

இந்த வருஷம் அந்த அவசரம் எங்கள் குடியையே கெடுக்கப் பார்த்தது. குத்தகைக்கு உழுத நிலம் ஒன்று கைவிட்டுப் போய்விட்டது. இன்னொன்று கிடைக்காவிட்டால், குளிர்காலத்துக்கு முன் டாரில் கனடாவிலேயே பக்கத்து மாகாணமான ஆல்பர்ட்டாவின் எண்ணெய் வயலுக்கு வேலைக்குப் போக வேண்டும். மூன்று வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே. முன்பு இரண்டு வருஷம் அப்படி இருந்தோம். எனக்கு அது வேண்டாம். திட்டுவதற்காவது ஆள் வீட்டில் இருக்க வேண்டும்.

பக்கத்து நிலக்காரி ஓல்ஹா, இடுப்பு ஆபரேஷன் ஆனதும் டவுனுக்குக் குடிபோகத் தீர்மானித்திருந்தாள். அவளுடைய நூற்றறுபது ஏக்கர் எங்கள் வேலியை ஒட்டியது. அதே நிலத்தின் மேல் லைல் குண்டர்சனுக்கும் கண். மூவாயிரம் ஏக்கர் வைத்திருப்பவனுக்கு இதுவும் வேண்டுமாம். அவன் ஆள் விட்டுப் புல் வெட்டிக் கொடுத்தான். நான் தோட்டத்து ருபார்ப் தண்டை வைத்து இனிப்புப் பலகாரம் சுட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஓல்ஹா இரண்டையும் வாங்கிக்கொண்டு வாயே திறக்கவில்லை.

ஜூன் நடுவில் எங்களையும் லைலையும் கூப்பிட்டு அனுப்பினாள்.

"வயல்ல கனோலா நிக்குது. களையும் அதே உசரத்துக்கு நிக்குது," என்றாள். "ரோட்டுப் பக்கம் பாதிக்கு லைல் மருந்தடிக்கட்டும். வாய்க்கால் பக்கம் பாதிக்கு டாரில். மருந்து நான் தரேன். அடிச்சுப் பத்து நாள் கழிச்சு வந்து பாக்குறேன். அப்புறம் குத்தகையப் பத்திப் பேசலாம்."

அது பட்ட இடத்தை மட்டும் எரிக்கும் மருந்து. செடிக்குள் ஏறி வேருக்கு ஓடாது. எந்த இலையில் துளி விழவில்லையோ அந்த இலை பிழைத்துக்கொள்ளும். நல்ல வெயிலும் வேண்டும். ஓல்ஹா விதைத்திருந்த கனோலா, அதாவது எண்ணெய் வித்துப் பயிர், அந்த மருந்தைத் தாங்கும் ரகம்; அது மட்டும் குடித்துவிட்டுச் சும்மா நிற்கும். ஆகவே தண்ணீர் நிறைய, வண்டி மெதுவாக, நேரம் நல்ல வெயில் நேரம். டப்பாவிலேயே எழுதியிருக்கிறது. டப்பாவைப் படிக்கிற ஆண்பிள்ளையை நான் இந்த சஸ்காட்சுவான் மாகாணத்தில் இன்னும் பார்க்கவில்லை.

நான்கு நாள் மழை, காற்று. ஐந்தாம் நாள் விடியும்போது ஓர் இலை அசையவில்லை. ஐந்து மணிக்கே லைலின் புது மருந்தடிக்கும் இயந்திரம் இரண்டு பக்கமும் குழாய்ச் சிறகை விரித்துக்கொண்டு வயலில் பாய்ந்தது. டாரில் சட்டை பட்டன் போடாமலே ஓடி வந்தான்.

"கொரீன், தண்ணி லாரிய எடு! அவன் பாதி முடிச்சுட்டான்!"

"இலையெல்லாம் பனி. வெயில் இன்னும் எந்திரிக்கவே இல்ல. பத்து மணிக்கு எடுக்குறேன்."

"பத்து மணிக்கு காத்து வந்துட்டா?"

"வந்தா வரட்டும். இப்ப அடிச்சா அந்தக் களைக்குக் குளிப்பாட்டி விட்ட மாதிரிதான்."

"சாவியக் குடுடி!"

"முடியாது போ."

லாரிக்குள் உட்கார்ந்து கதவைப் பூட்டிக்கொண்டு காபி குடித்தேன். அவன் லாரியைச் சுற்றிச் சுற்றி வந்தான். ஏழு மணிக்கு வேலையை முடித்த லைல், ரோட்டில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தான்.

"என்ன டாரில், இன்னும் முகூர்த்தம் வரலையா?"

டாரிலின் காது சிவந்துபோயிற்று. லைல் சிரித்தபடி பெட்ரோல் பங்க் காபிக் கடைக்குப் போனான். அங்கே எங்கள் மானம் எட்டு மணிக்குள் கப்பலேறியிருக்கும்.

பத்து மணிக்கு வெயில் சுள்ளென்று விழுந்தது. ஆரம்பித்தோம். ஏக்கருக்கு இருபது காலன் தண்ணீர். லைல் ஊற்றியதோ ஐந்து. டாரில் வேகம் கூட்டும்போதெல்லாம் நான் போன் போட்டேன்.

"பதினஞ்சு கிலோமீட்டர்னு சொன்னேனா இல்லையா?"

"பதினஞ்சுலதான் போறேன்!"

"பொய் சொல்லாத. பின்னாடி சிறகு குதிக்குது."

கடைசி இருபது ஏக்கருக்குத் தண்ணீர் போதவில்லை. இருக்கிற தண்ணீர் தீர்ந்ததும் நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டு, வீட்டுக் குளத்தில் லாரியை நிரப்பப் போனேன். நாற்பது நிமிஷம். திரும்பி வந்தால் ஐயா சிறகை மடக்கிவிட்டு நிற்கிறார்.

"முடிஞ்சுது! காத்து வர்ற மாதிரி இருந்துச்சா, இருந்த தண்ணிய வச்சே கொஞ்சம் வேகமா..."

லாரியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பேசியிருந்தால் அன்றைக்கே விவாகரத்து. காற்று வரவே இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

மருந்தடித்த பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. இங்கே ஞாயிறு மதியம் அவனவன் காரை உருட்டிக்கொண்டு அடுத்தவன் வயலைக் குறை சொல்லப் போவான். அன்று ஊரே ஓல்ஹாவின் வயலோரம் ஊர்ந்தது. லைலின் பாதியில் காட்டு ஓட்ஸ் என்ற களைப்புல் நுனி மட்டும் கருகி, அடியில் புதுசாகத் தளிர்விட்டு நின்றது. முட்செடி பூவைத்துக்கொண்டிருந்தது. எங்கள் பக்கம் அறுபது ஏக்கரில் கனோலாவைத் தவிர ஒரு புல் கிடையாது. வாய்க்கால் கரையில் இருபது ஏக்கர் மட்டும் லைலின் பாதிக்குத் தங்கச்சி மாதிரி இருந்தது.

ஓல்ஹா ஊன்றுகோலோடு இறங்கிப் பார்த்தாள். லைலிடம் ஒரே வார்த்தைதான் சொன்னாள்: "காட்டு ஓட்ஸு நல்லா வெளஞ்சிருக்கு. அறுத்துக்குறியா?" அவன் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பிறகு டாரிலிடம் திரும்பினாள். "அந்த அறுபது ஏக்கர் எப்படி அடிச்ச?"

டாரில் நெஞ்சை நிமிர்த்தினான். "வெயில் ஏறட்டும்னு காத்திருந்தேம்மா. நெறைய தண்ணி, நிதானமா..."

பாவி! எனக்கு உச்சந்தலை கொதித்தது.

"சரி, அந்த இருபது?"

டாரில் என்னைப் பார்த்தான். பூட்ஸைப் பார்த்தான். வாய் வரை வந்த பொய்யை அவன் விழுங்குவது எனக்குத் தெரிந்தது.

"அப்ப கொரீன் இல்லம்மா," என்றான். "தண்ணி எடுக்கப் போயிட்டா. காலையில என்னைத் தடுத்ததும் அவதான். இல்லேன்னா எண்பது ஏக்கரும் இப்படித்தான் நின்னிருக்கும்."

ஓல்ஹா ஊன்றுகோலைக் காரில் சாய்த்தாள். அப்புறம் கைப்பையிலிருந்து குத்தகைக் காகிதத்தை எடுத்து, கார் பானெட்டில் விரித்து, பேனாவை என்னிடம் நீட்டினாள்.

"உன் பேருக்குத்தான் எழுதப்போறேன். இவன உன்கிட்ட வேலைக்கு வச்சுக்கோ. உண்மையச் சொல்றான், ஆளு பரவாயில்ல."

ஆல்பர்ட்டா இல்லை. இந்தக் குளிர்காலம் அவன் வீட்டில்தான். அந்த நினைப்பில் அவசர அவசரமாகக் கையெழுத்துப் போட்டதில், எழுத்து எங்கெங்கோ போயிற்று. டாரில் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"மெதுவாப் போடு கொரீன்," என்றான். "ஒண்ணும் அவசரமில்ல."

பதினெட்டு வருஷத்தில் அந்த வார்த்தை அவன் வாயிலிருந்து வந்தது அன்றுதான்.