உங்க விருப்பம்

“ரெண்டுல எதுன்னாலும், உங்க விருப்பம்” என்று டாக்டரம்மா சொன்னதும் பெயிண்டருக்குக் காது மடல் வரை சூடேறியது. அந்தக் காது மடலில் மஞ்சள் பெயிண்ட் காய்ந்து ஒட்டியிருந்தது. மனைவிக்கு வலி கண்டுவிட்டது என்று போன் வந்தபோது பாதிச் சுவரோடு விட்டுவிட்டு ஓடிவந்த வீட்டு மஞ்சள்.

நாலு நாற்காலி, ஒரு டிஷ்யூ பெட்டி. அழுவதற்கென்றே ஓர் அறையைக் கட்டி, அதற்குச் சாம்பல் நிறத்தை வேறு அடித்து வைத்திருக்கிறான், எவனோ அறிவுகெட்டவன். பக்கத்தில் சக்கர நாற்காலியில் மனைவி, தையல் போட்ட வயிற்றைப் பிடித்தபடி, வாயே திறக்காமல் இருந்தாள். டாக்டரம்மா எல்லாவற்றையும் பொறுமையாகத்தான் சொல்லியிருந்தார். பிறக்கும்போது மூளைக்குக் காற்று போகவில்லை. மூளை அநேகமாக முழுதும் போய்விட்டது. மூச்சு விடுவது பிள்ளையில்லை, மெஷின். பெரிய டாக்டர்களும் பார்த்தாயிற்று. மெஷினைத் தொடரலாம், அல்லது குழாயை எடுத்துவிட்டு, வலி தெரியாமல் மருந்து கொடுத்து, அம்மா மடியில் வைத்துக்கொள்ளலாம்.

“விருப்பமா? டீயா காப்பியான்னு கேக்கிறீங்களா?”

“அப்படி இல்லீங்க...”

“அந்த வார்த்தை எனக்குத் தெரியும்மா. அது என் வார்த்தை.”

பொய்யில்லை. கூடத்துக்குக் கத்திரிப்பூ நிறம் கேட்பார்கள். வேண்டாம் சார், குகை மாதிரி ஆகிவிடும் என்று நாக்கு நுனி வரை வரும். சொன்னால் வாக்குவாதம். “உங்க விருப்பம் சார்” என்று பல்லைக் காட்டிவிட்டு டப்பாவைத் திறப்பார். பிறகு அந்த வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டால், கேட்டது நீங்கதானே என்று கையைத் துடைத்துக்கொண்டு போகலாம். அவருடைய சாமான்களில் பிரஷ்ஷைவிட அதிகம் உழைத்தது அந்த வார்த்தைதான். இன்று அதே டப்பாவைத் திறந்து அவர் மூஞ்சியிலேயே அடிக்கிறார்கள்.

“நாளைக்கு நான் அழுதா, நீங்கதானே சொன்னீங்கன்னு சொல்லணும், அதுக்குத்தானே? இத்தனை படிச்சீங்களே, ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா?”

டாக்டரம்மாவின் முகம் சிவந்தது. “சொல்லக்கூடாதுன்னுதான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. திணிச்ச மாதிரி ஆயிடுமாம்.”

“திணிங்க! கேக்கிறேன்ல?”

டாக்டரம்மா டிஷ்யூ பெட்டியைத் தள்ளி வைத்தார். “எடுத்துடலாம். அவன் பிழைக்க மாட்டான். நாங்க செய்யறது எல்லாம் அவன் சாவை இழுத்துக்கிட்டுதான் இருக்கு. எடுத்தா நீங்க கொன்னதா ஆகாது. யார் கேட்டாலும் நான் சொன்னேன்னு சொல்லுங்க.”

கேட்டது கிடைத்துவிட்டது. பாரம் இறங்கும் என்று நினைத்தவருக்கு, வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் கத்தலாமா என்றிருந்தது. கோபம் உட்கார இடமில்லாமல் அறையைச் சுற்றிவந்து கடைசியில் மனைவி மேல் விழுந்தது. “நீ என்ன, ஊமையா?”

“நீங்க கத்தி முடிக்கட்டும்னு இருந்தேன்.” அவள் குரல் உயரவில்லை. “வயித்துல வெச்சிருந்தவ நான். யார் சொல்றதுன்னு ரெண்டு பேரும் சண்டை போடுறீங்களே, என்கிட்ட யாராவது கேட்டீங்களா? நான் சொல்றேன். எடுத்துடுங்கம்மா. குழாய் இல்லாம அவன் மூஞ்சியை நான் பாக்கணும். போதுமா ரெண்டு பேருக்கும்?”

டாக்டரம்மா எழுந்து, சக்கர நாற்காலியைக் குழந்தைகள் வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

உள்ளே திரையை இழுத்துவிட்டு, நர்ஸ் குழந்தையைக் குழாயோடு அவள் மார்பில் சாய்த்து வைத்தார். டாக்டரம்மா கையுறை மாட்டிக்கொண்டார். அப்போதுதான் பெயிண்டர் பார்த்தார்: குழந்தையின் உச்சியில் இருந்த பூனைமுடி அசைந்துகொண்டிருந்தது.

“எவன் இங்க ஏசியை வெச்சது? புள்ளை தலைமேலயே அடிக்குது, யாருக்கும் கண்ணு தெரியலையா?”

வார்டே திரும்பியது. இனிமேல் அதற்கென்ன என்று ஒருவரும் சொல்லவில்லை. டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார். ஓர் அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்து எடுத்து, பிளாஸ்திரிச் சுருளைப் பல்லில் கடித்துக்கொண்டு, முக்காலியை ஏசிக்குக் கீழே இழுத்துப்போட்டு ஏறினார். குள்ளம்; எட்டவில்லை. நுனிக்காலில் எம்பினார். முக்காலி ஆடியது.

பெயிண்டர், வாயில் வசவு இன்னும் ஓயாமலே, தரையில் மண்டியிட்டு அதன் கால்களை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார்.

“இன்னும் கொஞ்சம் இடது பக்கம்மா. அந்த இடுக்குலதான் காத்து வருது.”