ஒரு சொல்லுக்கு ஆறு மில்லி

மூத்த மருமகள் இளைய மருமகளைத் திட்டிய ஒவ்வொரு முறையும் கடைப் பிரிண்டரில் கறுப்பு மை ஆறு மில்லி குறைந்தது. இளையவள் திருப்பித் திட்டினாலும் அதே ஆறு மில்லிதான். வயதுக்கென்று சலுகை எதுவும் இல்லை. இதைக் கண்டுபிடிக்க ஏழு வருடங்கள் ஆயின. ஒரு கோப்பைக்குப் படம் போட எல்லா நிறமும் சேர்த்து அரை மில்லி போதும். நூறு மில்லி மைக்கு இருநூறு கோப்பைகள் வரவேண்டும். அந்தக் கடையில் நாற்பது வந்தன.

கடை மாமனாருடையது. அவர் வாசலோரம் அமர்ந்து ஆர்டர் எடுத்தார். மூத்த மகன் பெட்டிகளைக் கொண்டுபோய்க் கொடுத்தான். இளைய மகன் கப்பலில் வேலை பார்த்தான், வருடத்தில் இரண்டு மாதம் வீட்டிலிருந்தான். வேதியியல் படித்தவள் என்பதால் இளையவள் கணினியிலும் பிரிண்டரிலும் உட்கார்ந்தாள். அவள் அடித்துக் கொடுக்கும் தாளை மூத்தவள் கோப்பையில் சுற்றி, சூடு தாங்கும் டேப்பால் ஒட்டி, ஹீட் பிரஸ்ஸில் மூன்று நிமிடம் வைத்தாள். மங்கலாக இருக்கும் தாளிலிருந்து மை ஆவியாகிப் பீங்கானுக்குள் ஏறும். வெளியே எடுக்கும்போது பளிச்சென்று இருக்கும். இருவருக்கும் நடுவே ஒன்றரை முழ மேசை ஒன்று இருந்தது.

பகை முதல் வாரத்திலேயே தொடங்கியது. தாளில் படம் இடம் வலம் மாறி விழுந்தால்தான் கோப்பையில் நேராக வரும். இளையவள் கணினியில் அதற்கான கட்டத்தைத் தட்ட மறந்தாள். ஒரு கல்யாண ஆர்டரில் நாற்பது கோப்பைகளில் மாப்பிள்ளை பெண் பெயர்கள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் வந்துவிட்டன. மாமனார் குப்பையில் போடச் சொன்னார். மூத்தவள் அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, இளையவளுக்கு மட்டும் தினமும் அதில் ஒன்றில் டீ கொடுத்தாள். ஏழு வருடத்தில் பதினோரு கோப்பைகள் இளையவளின் கைதவறி உடைந்தன. ஒன்று உடைந்தால் மறுநாள் காலை அடுத்தது வந்தது.

ஏழாம் வருடம் மையின் விலை ஏறியது. மாமனார் பாட்டில்களை எண்ணத் தொடங்கினார். "மை என்ன ஆவியாவா போகுது?" என்றார். "இந்த மை ஆவியாத்தான் மாமா போகும்" என்றாள் இளையவள். அவர் சிரிக்கவில்லை. மூத்தவள், யாரோ வெளியில் விற்கிறார்கள் என்றாள். யார் என்று சொல்லவில்லை. இளையவளின் கைப்பையைப் பார்த்தாள். மாதக் கடைசிக்குள் மைக்குக் கணக்கு சொல்லாவிட்டால் இளையவள் கடைக்கு வரவேண்டாம் என்று மாமனார் முடிவு சொன்னார். கடை போனால் அவளுக்கு மிஞ்சுவது மாடி அறையும், மூத்தவளின் ஆட்சியில் இருக்கும் சமையல்கட்டும்தான். அங்கே ஒன்றரை முழ மேசைகூட இல்லை.

அவள் மைத் தொட்டிகளின் மேல் வெள்ளை டேப் ஒட்டி, மில்லி மில்லியாகக் கோடு போட்டாள். காய்ச்சல் என்று இரண்டு நாள் வீட்டில் இருந்தாள். மூத்தவளே தட்டுத் தடுமாறி அச்சடித்தாள். மை கணக்காகக் குறைந்தது. "அவ வரலேன்னா மை இருக்கு, மாமா" என்றாள் மூத்தவள். தெருவே நம்பியது. அடுத்த வாரம் மூத்தவள் உறவுக்காரர் வீட்டுக்குப் போனபோதும் மை கணக்காகவே குறைந்தது. இது யார் கண்ணிலும் படவில்லை, இளையவள் கண்ணைத் தவிர. மூத்தவள் திரும்பி வந்தாள். பையைக் கீழே வைக்குமுன்பே, "நாலு எழுத்து படிச்ச மகாராணி கடையக் கூட்டக்கூட இல்லியா?" என்றாள். இளையவள் தொட்டியைப் பார்த்தாள். கறுப்பு ஆறு கோடு இறங்கியிருந்தது.

ஒரு வாரத்தில் அவள் முழு விலைப்பட்டியலையும் எடுத்துவிட்டாள். உச்சுக் கொட்டினால் மஞ்சள் ஒரு மில்லி. பிறந்த வீட்டை இழுத்தால் கறுப்பு ஆறோடு நீலம் நான்கு. கப்பலில் இருப்பவனுக்கு வேறு துறைமுகத்தில் வேறு வீடு இருக்கலாம் என்ற பேச்சுக்குச் சிவப்பு பதினொன்று. குழந்தை இல்லாததைச் சொன்னால் எல்லா நிறத்திலும் சேர்த்து முப்பது. சொன்னதற்கெல்லாம் மை போகவில்லை. கேட்டவளுக்குச் சுட்டால்தான் போயிற்று.

கடைசி விவரம்தான் அவளைக் கவிழ்த்தது. மாமனாரிடம் மை போகும் விதத்தைச் சொல்லி, அவரைத் தொட்டியருகே நிற்க வைத்து, மூத்தவளைப் பார்த்து மூன்று வசவு சொன்னாள். மூத்தவள் விஷயத்தை அரை நொடியில் புரிந்துகொண்டாள். மூன்றையும் சிரித்தபடி வாங்கிக்கொண்டு, "களைச்சுப் போயிருக்கியேம்மா, டீ போட்டுத் தரட்டுமா?" என்றாள். மை ஒரு கோடுகூட அசையவில்லை. அன்றிலிருந்து பன்னிரண்டு நாட்கள் மூத்தவள் தேனாகப் பேசினாள். மை கணக்காகக் குறைந்தது. மாட்டிக்கொண்ட பயத்தில் திருட்டு நின்றுவிட்டது என்று தெரு சொன்னது.

பதின்மூன்றாம் நாள் கறுப்பு நின்றது. ஏழு வருடம் மை வெள்ளமாக ஓடிப் பழகிய ஹெட், தாளில் மை தெளிக்கும் அந்த முனை, அரை மில்லி ஓட்டத்தில் காய்ந்துபோயிருந்தது. சோதனைத் தாளில் கறுப்புக் கோடுகள் பல்லுப்போன சீப்பாக விழுந்தன. மூன்று முறை சுத்தம் செய்ததில் நாற்பது மில்லி வீணாயிற்று. மெக்கானிக் வந்து, ஹெட்டை மாற்றவேண்டும், வர ஒரு வாரமாகும் என்றான். ஒரு டிரைவிங் ஸ்கூலின் நானூறு கோப்பைகளை மறுநாள் மாலை கொடுத்தாக வேண்டும். அதுவே மாதக் கடைசியும். "மிஷினையும் கெடுத்துட்டியே" என்றார் மாமனார். மூத்தவள் இளையவளின் தலையைத் தடவி, "விடுங்க மாமா, சின்னப் பொண்ணு" என்றாள்.

இளையவள் அந்தக் கையை எடுத்து மேசைமேல் வைத்தாள். பிறகு சாதாரணக் குரலில் பேசினாள். "அந்தக் கல்யாண கப்பு நாப்பதையும் சூடு வெச்சது நீங்கதான். முதல் கப்பு கையில வந்தப்பவே எழுத்து திரும்பியிருக்கறது தெரிஞ்சிருக்கணும். தெரியல. ஏன்னா உங்களுக்குப் படிக்கத் தெரியாதுக்கா. ஏழு வருஷமா ஆர்டர் சீட்டப் படிக்கிற மாதிரி நடிக்கிறீங்க."

மூத்தவளின் சிரிப்பு போயிற்று. "யாருக்குடி படிக்கத் தெரியாது? முதல் கப்புலயே பாத்தேன். நீ வந்த வாரமே உன்னை மூட்டை கட்டி அனுப்பணும்னுதான் மிச்சம் முப்பத்தொன்பதையும் அடிச்சேன். இந்த மேசை எனக்குக் குடுத்த மேசைடி. பெத்துக்க வக்கில்லாதவ எல்லாம் வந்து உக்கார்றதுக்கு இல்ல."

தொட்டிகளில் நான்கு நிறமும் சளசளவென்று இறங்கின. யாரும் தொடாமலே பிரிண்டர் ஒரு சோதனைத் தாளைத் தள்ளியது. கறுப்புக் கோடுகள் ஒன்று விடாமல் விழுந்திருந்தன. மாமனார் தொட்டியைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், மருமகள்களைப் பார்க்கவில்லை. "கறுப்பு வந்துடுச்சுல்ல? அடிங்க" என்றார்.

விடிய விடிய அடித்து, நானூறு கோப்பைகளும் மறுநாள் மாலை நான்கு மணிக்குள் முடிந்தன. அதுவரை இருவரும் வாய் ஓயவில்லை. கையிருப்பிலிருந்த ஆறு பாட்டில்களும் தீர்ந்தன. மாமனார் கடைச் சாவியின் நகல் ஒன்றை வெட்டி இளையவளிடம் கொடுத்தார். மன்னிப்பு யாரும் கேட்கவில்லை, யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. புது ஹெட் வந்தது. அதுவும் ஒரு வாரத்தில் அதே பழக்கத்துக்கு வந்துவிட்டது. கப்பல்காரன் விடுமுறையில் வந்தபோது இருவரையும் உட்காரவைத்துச் சமாதானம் பேசப் பார்த்தான். "உன் வேலையப் பாரு, ஹெட் அடைச்சுக்கும்" என்று மாமனார் அவனை எழுப்பி அனுப்பினார்.

இப்போது ஒரு கோப்பைக்குப் படம் போடும் செலவில் தாள், டேப், மின்சாரம், மை, பேச்சு என்று ஐந்து இனங்கள் உண்டு. விலை கொஞ்சம் கூடியதை வாடிக்கையாளர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கறுப்பு அந்தக் கடையில் மட்டும் அவ்வளவு கறுப்பாக வருகிறது. காலை ஒன்பது மணிக்கு ஷட்டர் ஏறியதும் மருமகள்கள் ஆளுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறார்கள், சுடுகிற மாதிரியாக. ஞாயிறு கடை விடுமுறை. அதனால் சனிக்கிழமை மட்டும் ஆளுக்கு இரண்டு.