வாவல்மூடு

கேரளத்தில் மறுபடியும் நிபா என்று செய்தி வந்த அன்று மாலையே ஜாஸ்பின் தன் மகள் பிளஸ்ஸியிடம், இனிமேல் விடியற்காலையில் ராகேல் அக்காவோடு அண்டி பொறுக்கப் போக வேண்டாம் என்று சொன்னாள். ஏன் என்று பிளஸ்ஸி கேட்டாள். பள்ளி விடுமுறை, படிப்பைக் காரணம் சொல்ல முடியாது. காலையில் பனி விழுகிறது, சளி பிடிக்கும் என்றாள் ஜாஸ்பின். மே மாதத்தில் என்ன பனி என்று பிளஸ்ஸி சிரித்தாள். ஆனால் போகவில்லை.

அண்டி கிடக்கும் இடம் சர்ச் காம்பவுண்டின் வடக்கு மூலையில், அயினி மரத்தின் அடியில். மரத்தின் அடியை இங்கே மூடு என்பார்கள், வௌவாலை வாவல் என்பார்கள். அதனால் அந்த இடத்துக்கே வாவல்மூடு என்று பெயர். பழந்தின்னி வௌவால்கள் பகலெல்லாம் அந்த மரத்தில் தலைகீழாகத் தொங்கும். இருட்டியதும் மலையோரம் போய்க் கொல்லாம்பழங்களைக் கவ்விக்கொண்டு வந்து, சாற்றை உறிஞ்சிவிட்டு, முந்திரிக்கொட்டையைக் கீழே போட்டுவிடும். அந்தக் கொட்டைதான் அண்டி. சபை இதையும் வீணாக விடவில்லை. பண்டிகைக்குக் காணிக்கையாக வந்த கோழியையும் பலாச்சக்கையையும் ஏலம் விட்டு முடிக்கும்போது, கடைசியாக அந்த வருடத்து வாவல்மூட்டையும் ஏலம் விடுவார்கள். எப்போதும் எடுப்பவள் ராகேல். அவள் அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், தோல் உரிக்கிறவள். புருஷன் இல்லை. பிளஸ்ஸியின் வயதில் அஜிஷா என்று ஒரு மகள். யாராவது விளையாட்டாகத் தொகையைக் கூட்டினால், “வாவலுக்க எச்சிலுக்கும் போட்டியா ஓய்?” என்று கேட்பாள். எல்லோரும் சிரித்து அவளுக்கே விட்டுக்கொடுப்பார்கள்.

ஜாஸ்பினுக்கு அந்த மரம் வேறு விதத்தில் சொந்தம். அவள் கல்லூரியில் விலங்கியல் கற்பிப்பவள். இரணியலிலிருந்து கருங்கல் வரை பழைய மரங்களெல்லாம் போய் ரப்பர் வந்துவிட்ட பிறகு, இந்த வௌவால்களுக்கு மிஞ்சிய இடங்கள் எவை என்று அவள் வருடக்கணக்காகத் தேடியிருக்கிறாள். பெரிய கூட்டம் என்று சொல்ல இது ஒன்றுதான் இருந்தது. இவை பறந்து போகும் வழியெல்லாம் விதை விழுகிறது, இரவில் பூக்கும் மரங்கள் இவற்றை நம்பித்தான் காய்க்கின்றன என்று அவள் சபையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசினாள். அதன்பிறகு கிறிஸ்துமஸ் வெடியை மரத்தடியில் போடாமல் ரோட்டோரம் கொண்டுபோய்ப் போட்டார்கள். அந்த வெற்றியை அவள் யாரிடமும் பெருமையாகச் சொன்னதில்லை. ஆனால் சர்ச் வாசலில் செருப்பைக் கழற்றும்போதெல்லாம் அண்ணாந்து ஒருமுறை பார்த்துக்கொள்வாள். தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள வாழ்க்கையில் ஏதோ ஒன்று அங்கே தொங்குவதுபோல் இருக்கும்.

நிபா செய்தி வந்த மறுநாள் ராகேல் வாசலில் வந்து நின்று, பிளஸ்ஸியை ஏன் காணோம் என்று கேட்டாள். சளி என்று ஜாஸ்பின் சொன்னாள். சாயங்காலம் அஜிஷா ஒரு பொட்டலத்தில் சுக்கும் நல்லமிளகும் கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போனாள். அம்மா தந்துவிட்டது, காப்பியில் தட்டிப் போடணுமாம் என்றாள். அவள் விரல்களில் அண்டிப்பால் பட்டுத் தோல் கறுத்திருந்தது. ஜாஸ்பின் பொட்டலத்தை வாங்கி அடுக்களையில் வைத்தாள்.

வௌவால் எச்சில் வழியே நிபா தொற்றலாம் என்று ராகேலிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றாமல் இல்லை. சொன்னால் என்ன ஆகும் என்றும் தெரிந்திருந்தது. மதியத்துக்குள் அண்டி ஆபீஸ் முழுக்கப் பரவும். டீச்சரே பயப்படுகிறாள் என்பார்கள். ஆபேல் காத்துக்கொண்டிருக்கிறார். அவர் சபைச் செயலர். புதிய கல்யாண மண்டபத்துக்குக் கதவும் நிலையும் செய்ய அந்த அயினியைத்தான் அவர் மனதில் வைத்திருந்தார் என்பது ஊருக்கே தெரியும். முன்பு ஒருமுறை அந்தப் பேச்சு எழுந்தபோது தடுத்தவள் ஜாஸ்பின்தான். மேலும், இந்த ஊரில் நோய் இல்லை. ஆபத்து மிகச் சிறியது. அவ்வளவு சிறிய ஒன்றைச் சொல்லி ஒரு கூட்டத்தையே அழிய விடுவதா? குட்டிகள் இன்னும் பறக்கப் பழகவில்லை. ஒரு மழை பெய்து, கொல்லாம்பழ சீசன் முடிந்துவிட்டால் எல்லாம் தானாக அடங்கும். இப்படி அவள் தனக்குள் வரிசையாக அடுக்கினாள். எந்த வாக்கியமும் பொய் இல்லை.

ஆபேல் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பிறகு சபைக் கூட்டம் வைத்தார்.

அன்று காலையில் ஜாஸ்பின் சேலை உடுத்திக்கொண்டிருந்தபோது, கருங்கலில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் அவள் கணவன் பெனின் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான்.

“ஊரே வாவலப் பாத்து ஓடுது. எனக்க பொண்டாட்டி மட்டும் வாவலுக்கு வக்கீலு.”

“பீசு நீங்க தருவியளா?”

“வாவலுவ கொல்லாம்பழம் தருவினும், வாங்கிக்க” என்றான்.

கூட்டத்தில் ஆபேல் நிதானமாகவே பேசினார். எல்லை தாண்டினால் கேரளம். வைரசுக்குச் செக்போஸ்ட் கிடையாது. ஞாயிறுபள்ளிப் பிள்ளைகள் விளையாடுவது அந்த மரத்தடியில்தான். நாளைக்கு ஒரு பிள்ளைக்கு ஏதாவது வந்தால் கமிட்டியால் பதில் சொல்ல முடியாது. மரத்தை முறித்துவிடலாம் என்பது அவருடைய அபிப்பிராயம். மண்டபத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பிறகு ஜாஸ்பின் எழுந்தாள். நன்றாகவே பேசினாள். வௌவால் இருக்கும் இடத்திலெல்லாம் நோய் இல்லை என்றாள். துரத்தினாலோ மரத்தை வெட்டினாலோதான் ஆபத்து கூடும். மிரண்ட கூட்டம் ஒரே இடத்தில் இருக்காது, நூறு வீட்டு மாமரங்களுக்குப் பிரிந்து போகும், நோய் இருந்தால் அதுவும் பிரிந்து போகும் என்றாள். நம் தாத்தாமார் காலத்திலிருந்து அது அங்கே இருக்கிறது, யாருக்கு என்ன வந்தது என்று கேட்டாள். முகங்கள் இளகுவது தெரிந்தது. பின்வரிசையில் ஒருவர் தலையாட்டினார். பேசிக்கொண்டிருக்கும்போதே ஜெயித்துவிட்டோம் என்று அவளுக்குத் தோன்றியது.

அப்போதுதான் பெண்கள் பக்கத்தில் ராகேல் எழுந்தாள். கூட்டங்களில் அவள் பேசியதில்லை. டீச்சருக்குத் துணை நிற்கத்தான் எழுந்தாள். முகத்தில் கிட்டத்தட்ட ஒரு சிரிப்பு இருந்தது.

“டீச்சருக்க பிள்ளையும் எனக்க பிள்ளையும் ஒண்ணாத்தான் அண்டி பெறக்கினாவ. சூக்கேடு உள்ள எடத்துக்கு டீச்சர் சொந்தப் பிள்ளைய விடுவாவளா?” என்று ஆபேலைப் பார்த்துச் சொல்லிவிட்டு, ஜாஸ்பின் பக்கம் திரும்பினாள். “நீங்களே எல்லாருக்கும் சொல்லுங்க டீச்சர். சளி மாறினா பிளஸ்ஸிய எங்கூட விடுவியதான?”

விடுவேன் என்றால் போதும். ஒரே சொல். பிளஸ்ஸி பிள்ளைகளோடு முன்னால் பாயில் உட்கார்ந்து அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இப்ப விடமாட்டேன்” என்றாள் ஜாஸ்பின்.

தொடர்ந்து நிறையச் சொன்னாள். ஈரமாகக் கிடப்பதை வெறுங்கையால் தொடக்கூடாது. வெயிலில் காய்ந்த பிறகு கையுறை போட்டு எடுக்கலாம். மழை வரைக்கும் மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டால் போதும். யாரும் கேட்கவில்லை. பெஞ்சுகள் இழுபடும் சத்தம்தான் கேட்டது. தாய்மார் எழுந்து முன்னால் வந்து தங்கள் பிள்ளைகளைப் பாயிலிருந்து தூக்கினார்கள், மரம் அங்கேயே உள்ளே நிற்பதுபோல. ராகேல் மட்டும் உட்காராமல் நின்றுகொண்டிருந்தாள்.

வெளியே வராந்தாவில் ஜாஸ்பின் ஆபேலை மறித்தாள். சட்டம் இப்போது வௌவாலையும் பாதுகாக்கிறது என்றாள்.

“வாவல யாரு டீச்சர் தொட்டா? நாங்க மரத்தத்தான முறிக்கோம்” என்றார் ஆபேல். “அதுக்கு எங்க வேணும்னாலும் போலாம். செறகு இருக்குல்லா.”

வனத்துறைக்கு போன் பண்ணப் போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது பெனின் சிரிக்கவில்லை. கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னதற்குப் பிறகு என்ன சொல்லிப் புகார் கொடுப்பாய் என்று கேட்டான். அவள் எண்ணைத் தேடி எடுத்தாள். யார் பேசுகிறீர்கள் என்று கேட்பார்கள். மரம் நிற்க வேண்டும் என்பவளும், அங்கே தன் பிள்ளையை விடமாட்டேன் என்பவளும் ஒருத்திதான் என்று எப்படி விளக்குவது? நாளை காலையில் பேசிக்கொள்ளலாம் என்று போனைக் கீழே வைத்தாள்.

மறுநாள் காலையில் மெஷின் வாள் சத்தம் வீடு வரைக்கும் கேட்டது.

அவள் போய்ச் சேர்ந்தபோது கிளைகள் இறங்கிக்கொண்டிருந்தன. பகல் வெளிச்சத்தில் வௌவால்கள் ரப்பர் தோட்டத்துக்கு மேலே வட்டமடித்தன, எங்கேயும் இறங்கத் தெரியாமல். தாய் விட்டுவிட்ட குட்டிகள் மண்ணில் கிடந்தன. ஜாஸ்பின் கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு ஒரு கூடையில் அவற்றை எடுத்தாள். மதிலுக்கு அந்தப் பக்கம் நின்ற பெண்களில் ஒருத்தி, “பாத்தியா, டீச்சரே கிளவுஸ் போட்டாச்சு” என்றாள். காக்கைகள் அவளை விட வேகமாக இருந்தன. கூடையில் எடுத்தவையும் இரண்டு நாள் தாண்டவில்லை.

பெரியவை அவள் சொன்னபடியே பிரிந்து போயின. ஊரில் பல வீடுகளில் மாமரத்தடியில் கடித்த பழங்கள் கிடக்கின்றன என்று சொன்னார்கள். சாயங்காலங்களில் நாலு பக்கமும் வெடிச்சத்தம் கேட்டது. தான் சொன்னது சரியாக நடப்பதைக் கேட்டுக்கொண்டு அவள் ஜன்னல்களைச் சாத்தினாள்.

அடுத்த ஞாயிறு அறிவிப்புகளின்போது ஆபேல், பேராசிரியை ஜாஸ்பின் அவர்களின் விஞ்ஞான ஆலோசனையின்படி சபைப் பிள்ளைகளின் நலன் காக்கப்பட்டது என்றும், அவர்களுக்குச் சபை நன்றி சொல்கிறது என்றும் வாசித்தார். பலர் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தார்கள். அவள் பதிலுக்குப் புன்னகைத்தாள். அந்த இடத்தில் முகம் வேறென்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னேன், அதற்காக எல்லாம் போயிற்று என்று அந்த வாரம் முழுவதும் ஒரு துக்கத்தை வைத்திருந்தாள். அதில் ஒரு கௌரவம் இருந்தது. இப்போது அதுவும் கையில் ஒட்டவில்லை.

வெளியே கேட்டருகில் ராகேல் நின்றாள், அஜிஷாவோடு. ஏலத்தொகையைத் திருப்பித் தரச் சொல்லிக் கமிட்டியிடம் நான் பேசுகிறேன் என்று ஜாஸ்பின் தொடங்கினாள். ராகேல் தலையசைத்து மறுத்தாள்.

“மரம் போனா போட்டு டீச்சர். பிளஸ்ஸிய நிறுத்தின அன்னைக்கு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா. எனக்க பிள்ள பின்னயும் அஞ்சாறு நாளு பெறக்கினா. உங்க வீட்டுக்குச் சுக்கு கொண்டு வந்தது அந்தக் கையோடதான்.”

கூட்டத்தில் விடமாட்டேன் என்று சொன்ன நொடியை ஜாஸ்பின் எத்தனையோ தடவை திருப்பிப் பார்த்திருந்தாள். மரம் நினைவில் இல்லை, வௌவால் நினைவில் இல்லை, பிளஸ்ஸியின் கை மட்டுமே இருந்தது என்று தன்னை மன்னித்திருந்தாள். எதிரில் நின்று கேட்டவளுக்கும் ஒரு பிள்ளை உண்டு என்பது அந்த நொடியிலும் இல்லை, அதைத் திருப்பிப் பார்த்த நொடிகளிலும் இல்லை. வௌவாலுக்காகத்தான் மறைத்தேன் என்று சொல்லலாம். அது உண்மைதான்.

“இவளுக்கு ஒண்ணும் வராதுல்லா?” என்று ராகேல் கேட்டாள்.

“வராது.”

தயங்காமல் சொன்னாள். படித்ததெல்லாம் அதைத்தான் சொன்னது. இங்கே நோயே இல்லை. இத்தனை நாள் கழிந்தும் காய்ச்சல் இல்லை.

ராகேல் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அப்பம் எங்கூட விட்டிருந்தாலும் பிளஸ்ஸிக்கும் வந்திருக்காதுதான டீச்சர்?”

கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஜாஸ்பின் அஜிஷாவின் கறுத்த விரல்களைப் பார்த்தாள். ராகேல் மகளின் தோளைத் தொட்டு முன்னால் நடக்கவிட்டு, பஸ் ஸ்டாப் பக்கம் போனாள்.