கடைசியாக என்ன பேசினார்

கரண்ட் போன பிறகுதான் பானுமதிக்கு அந்தச் சத்தம் கேட்டது. தொண்டையில் எதுவோ அடைத்துக்கொண்டதுபோல ஒரு கரகரப்பு. திரும்பிப் பார்த்தாள். நாற்காலியில் இருந்த புருசன் மாதவராஜின் மூச்சுதான் அது. வாய் ஒரு பக்கமாகக் கோணி, எச்சில் வழிந்து பனியன் நனைந்திருந்தது. அவள் வைத்த டீ ஆடை கட்டிக் கிடந்தது.

பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்துவிட்டு மூன்றரைக்கு வீடு வந்தவள், டீயை வைக்கும்போது ஏதோ ஊர்க்கதை சொன்னாள். அவர் பேசவில்லை. அதில் ஒன்றும் புதிதில்லை. முதுகுவலியால் லாரி ஓட்டுவதை விட்ட நாலு வருசமாக டிவி முன்னால்தான் அவருக்குச் சோறு, தூக்கம் எல்லாம். பிரஷர் மாத்திரையை எடுத்துக் கொடுத்தால், விளம்பரம் வரட்டும் என்பார். சண்டை போட்டுச் சலித்தவள், போகப்போகத் தானும் பக்கத்தில் பாயை விரித்துக்கொண்டாள். இன்றும் இரண்டு சீரியலை முழுசாகப் பார்த்திருந்தாள்.

பக்கத்து வீட்டுச் சென்னப்பன்தான் வேன் பிடித்துவந்தார். பொம்மிடியிலிருந்து தர்மபுரி ஆஸ்பத்திரி வரைக்கும் பானுமதி புருசன் தலையை மடியில் வைத்திருந்தாள்.

டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. மூளையில் ரத்தம் உறைந்திருக்கிறது என்றாள். ஆரம்பித்து நாலரை மணி நேரத்துக்குள் என்றால் உறைந்ததைக் கரைக்க ஒரு ஊசி இருக்கிறதாம்.

"கடைசியா எப்பம்மா நல்லா பேசுனாரு?"

பானுமதி யோசித்தாள். சீரியலில் மருமகள்மேல் மாமியார் திருட்டுப்பழி போட்டது, அவள் மழையில் நனைந்துகொண்டே வெளியேறியது, எல்லாம் வரிசையாக வந்தன. இவர் பேசியது மட்டும் வரவில்லை. காலையில் தான் வேலைக்குக் கிளம்பும்போது தலையாவது ஆட்டினாரா?

"தெரியலைங்க."

"நேத்தாவது?"

"நேத்தும்... தெரியலைங்க. பக்கத்துலயேதாங்க உக்காந்திருந்தேன்."

சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கு உறைத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

எப்போது ஆரம்பித்தது என்று தெரியாமல் அந்த ஊசியைப் போட முடியாது, வேறு மருந்துதான் கொடுக்க வேண்டும் என்று டாக்டரம்மா தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போனாள்.

பானுமதியை உள்ளே விட்டார்கள். மாதவராஜ் கண் விழித்திருந்தார். எங்கேயும் நகராமல் அந்தப் பார்வை அவள் முகத்தின்மேல் வந்து நின்றது. இத்தனை நேரம் அவர் அவளைப் பார்த்து வருசங்கள் ஆகியிருந்தன. அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, செயலற்ற அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஏதாவது பேச வேண்டும் என்று வாயைத் திறந்தாள்.