இழுத்தால் நிற்கும்

என் வண்டியைத் திருடியவன் கையில் கிடைத்தால் அவன் இரண்டு காலையும் முறித்து, எங்கள் வீட்டுப் படியில் உட்காரவைத்து, "இப்ப எழுந்து போடா பாக்கலாம்" என்று சொல்ல வேண்டும். முதல் மூன்று நாட்களும் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். முகம் சுளிப்பவர்கள் சுளித்துக்கொள்ளலாம். நல்ல பெண், பொறுமைசாலி என்றெல்லாம் இருபத்தெட்டு வருடமாகப் பெயர் வாங்கியாகிவிட்டது. அதனால் எனக்குக் காலணா பிரயோஜனம் இல்லை.

எனக்குப் பிறந்ததிலிருந்தே இடுப்புக்குக் கீழே வேலை செய்யாது. ரத்தப் பரிசோதனை செய்யும் லேபில் வேலை. மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்து, கண்ணாடித் துண்டில் தடவிய ரத்தத்தில் எது எத்தனை இருக்கிறது என்று எண்ணிச் சொல்ல வேண்டும். அதற்குக் கால் தேவையில்லை. வீட்டுக்குள்ளும் லேபுக்குள்ளும் சக்கர நாற்காலி போதும், லேபுக்குப் போய்ச் சேரத்தான் கால் தேவை. எட்டு மாதமாக அந்த வேலையை என் வண்டி செய்துகொண்டிருந்தது.

கியர் மாற்றத் தேவையில்லாத பழைய சின்ன கார் அது. கையாலேயே ஓட்டும்படி அதை மாற்றிக் கொடுத்தவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். காலால் மிதிக்கும் பெடல்களை ஒரு தகரப் பெட்டி போட்டு மூடிவிட்டு, ஸ்டியரிங்குக்கு வலது பக்கம் ஒரு லிவர் வைத்தார். வழக்கமாக இந்த மாதிரி வண்டிகளில் லிவரை முன்னால் தள்ளினால் பிரேக், தன் பக்கம் இழுத்தால் வேகம். மாஸ்டரிடம் ஆட்களைப் பழக்குவதற்கென்றே ஒரு கிழட்டு வண்டி உண்டு. அதில் நான் பழகியபோது தள்ளிப் பிடிக்கத் தோளில் வலு வரவில்லை. என் பலமெல்லாம் இழுப்பதில்தான் இருக்கிறது. கட்டிலுக்கு மேலே தொங்கும் கயிற்றை இழுத்துத்தான் ஐந்து வயதிலிருந்து நான் எழுந்து உட்காருகிறேன்.

"அப்ப மாத்திப் போட்டுடுவோம் மேடம்" என்றார் மாஸ்டர். "உங்க வண்டியில இழுத்தா நிக்கும், தள்ளினா ஓடும். இந்த மாதிரி வேற வண்டி கிடையாது. தெரியாதவன் எவனாவது எடுத்தான்னு வைங்க, செவுத்துலதான் போய் நிப்பான்."

அன்று இன்னொன்றும் காட்டினார். பழகும் வண்டியின் தகரப் பெட்டியில் ஓர் இடத்தில் பெயின்ட் போய்ப் பள்ளம் விழுந்திருந்தது. "காலால ஓட்டிப் பழகினவங்க யாரா இருந்தாலும், பயந்துட்டா கை லிவரை மறந்துடும். கால் தானா போய் இங்க மிதிக்கும். இத்தனை வருஷத்துல மிதிக்காத ஒரே ஆள் நீங்கதான்." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

நான் இருப்பது அண்ணன் வீட்டில். அண்ணன், அண்ணி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். அண்ணியும் வேலைக்குப் போகிறவர். வண்டி வருவதற்கு முன்னால் அண்ணன் என்னைத் தூக்கித் தன் பழைய காரில் போட்டு லேபில் இறக்குவான். இரண்டு மணிக்கு யாரையாவது கெஞ்சி நான் வீடு திரும்புவேன். மூன்று மணிக்குப் பிள்ளைகள் வந்துவிடும். அவர்களுக்குச் சாப்பாடு, பாடம், சண்டை, சமாதானம் எல்லாம் என் பொறுப்பு. இதற்கு நடுவில்தான் லேபில் எனக்குப் புதுக் கிளையின் பொறுப்பைக் கொடுத்தார்கள். ஊருக்கு அந்தக் கோடியில் கிளை, பக்கத்திலேயே தரைத்தளத்தில் ஓர் அறை. ஒன்றாம் தேதி புதன்கிழமை போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவார்கள். வீட்டில் சொன்னேன். அண்ணி கேட்ட முதல் கேள்வி, "அப்ப பசங்கள யாரு பாத்துக்கறது?" அண்ணன் என் தலையைத் தடவி, "யோசிச்சுப் பண்ணும்மா" என்றான்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை முற்பகலில் வண்டி காணாமல் போனது. நான் குளித்துக்கொண்டிருந்தேன். நான் குளிக்க நாற்பது நிமிடம் ஆகும். வெளியே வந்து பார்த்தால் கொக்கியில் சாவி இல்லை, வாசலில் வண்டி இல்லை. நான் போட்ட கூச்சலில் தெருவே திரண்டுவிட்டது.

போலீஸ் ஸ்டேஷனில் எழுத்தர் புகாரை எழுதிக்கொண்டே, "கையால ஓட்டற வண்டியா? அப்ப திருடனும் உங்கள மாதிரியே இருப்பானோ?" என்று சிரித்தார். அவரையும் என் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன்.

அண்ணன் மட்டும் தங்கமாக நடந்துகொண்டான். "போனா போகட்டும் விடும்மா. நான் இருக்கேன்ல?" என்றான். மறுபடியும் மூட்டையாகத் தூக்கிப்போய் லேபில் இறக்கினான். தினமும் அரை மணி நேரம் தாமதம். "இரும்மா, வரேன், என்ன அவசரம்" என்பான். பிள்ளைகள் பழையபடி மடியில் வந்து விழுந்தன. அண்ணியின் முகத்தில் களை வந்துவிட்டது. ஆறாவது நாள்தான் எனக்கு உறைத்தது: என் வண்டி போனதற்கு இந்த வீட்டில் என்னைத் தவிர ஒருவரும் வருத்தப்படவில்லை.

அன்று மாலை எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர் தன் கடை கேமராவில் பதிந்ததை என் செல்போனுக்கு அனுப்பினார். "மூஞ்சி தெரியல சிஸ்டர். தொப்பி போட்டிருக்கான். பிரயோஜனப்படுமான்னு பாருங்க" என்றார்.

மூஞ்சி தெரியாவிட்டால் என்ன? மூஞ்சியே இல்லாத துளிகளை ஆளடையாளம் கண்டு சொல்வதுதான் எனக்குப் பிழைப்பு. பதினோரு தடவை பார்த்தேன். வண்டி பின்பக்கமாக வருகிறது. எங்கள் கேட் குறுகல், நானே முதல் மாதம் இரண்டு தடவை தூணில் இடித்திருக்கிறேன். இவன் தூணுக்கு ஒரு சாண் முன்னால் பிரேக் போடுகிறான், சிவப்பு விளக்கு எரிகிறது, திருப்புகிறான், மறுபடி பிரேக், தெருவில் இறங்கிவிட்டான். ஒரு கீறல் இல்லை, ஒரு குலுங்கல் இல்லை.

மாஸ்டருக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

"மேடம், இது உங்க வண்டியில பழகின கை. குறைஞ்சது நாலஞ்சு தடவை ஓட்டியிருக்கான்."

"வண்டியக் கழுவ எடுத்துட்டுப் போக நீங்க அனுப்புவீங்களே மாஸ்டர், அந்த ஆளா இருக்குமோ?"

"நான் எந்த ஆளையும் அனுப்பலையே."

போனை மடியில் வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் என் வண்டியைக் கழுவி வைக்கிறேன் என்று அண்ணன்தான் அக்கறையாகச் சொன்னான். "அந்தப் பொம்மை லிவரெல்லாம் எனக்குப் புரியாதும்மா. மாஸ்டர் ஆளு வந்து எடுத்துட்டுப் போறான்" என்பான். நான் குளித்து வருவதற்குள் வண்டி பளபளவென்று வாசலில் நிற்கும்.

 வெளியாள் திருடியிருந்தால் எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. வெளியாள் காரைத்தான் திருடுவான்.

நேரே போய்க் கேட்கலாம்தான். அண்ணனை எனக்குத் தெரியும். கண்ணில் நீர் கட்டிக்கொண்டு, பிள்ளைகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்வான். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனுஷனைத் திருடன் என்று சொன்னாளே பாவி என்று தெருவே என்னைக் காறித் துப்பும். அதனால் அவன் வாயை நம்பாமல் வேறு வழி பார்ப்பது என்று முடிவு செய்தேன். லேபுக்கு மாஸ்டரை வரவழைத்துப் பேசினேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "உங்க அண்ணன் கார் என்ன ஆகும்?"

"என்ன ஆகுமோ ஆகட்டும்" என்றேன்.

அண்ணனுடைய கார் புத்தம் புதியது. நான்கு மாதம்தான் ஆகிறது. பெற்ற பிள்ளைக்குத் தலை துவட்டாதவன் தினமும் காலையில் அதைத் துவட்டிக்கொண்டு நிற்பான்.

ஞாயிறு காலை மாஸ்டர் தன் பழகும் வண்டியோடு வந்தார். அதன் மூக்கில் தடித்த இரும்புக் குழாய் கட்டியிருக்கும். "உங்க தங்கச்சி வண்டி கிடைக்கற வரைக்கும் இத வெச்சுக்கட்டும் சார். ஒரே ஒரு கண்டிஷன். அவசர ஆபத்துக்கு ஓட்ட வீட்ல இன்னொருத்தருக்கும் தெரிஞ்சிருக்கணும்" என்றார். மருந்துக்கடைக்காரர் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதிரில் அண்ணனால் மறுக்க முடியவில்லை.

"எனக்கு இந்த லிவரெல்லாம் தலையும் புரியாது வாலும் புரியாது" என்றபடியே உட்கார்ந்தான்.

"ரொம்ப சுலபம் சார். தள்ளினா பிரேக். இழுத்தா வேகம். சொல்லுங்க பாக்கலாம்."

"தள்ளினா பிரேக், இழுத்தா வேகம். சின்னப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்றீங்களே. பதினெட்டு வருஷமா வண்டி ஓட்டறவன் நான்."

மாஸ்டர் மூன்று தடவை சொல்லவைத்தார். பிறகு பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டார். வேகம் அதிகம் போகாதபடி வண்டியை முன்கூட்டியே கட்டிப்போட்டிருந்தார், ஆனால் இழுவைக்குக் குறைவில்லை. பிள்ளைகளையும் அண்ணியையும் நான் படியிலேயே என் பக்கத்தில் நிறுத்திவைத்தேன். அண்ணன் தெருக்கோடி வரை போய்த் திரும்பினான். நன்றாகத் தடுமாறிக் காட்டினான். கேட்டுக்குள் மெல்ல நுழைந்தான். பத்தடி முன்னால் அவன் செல்லக் கார் நின்றுகொண்டிருந்தது.

"அண்ணா! நில்லு!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

இழுத்தான். வண்டி எகிறியது. அவன் பயந்துபோய் இன்னும் இழுத்தான், அது இன்னும் முட்டியது. இரும்புக் குழாய் புதுக் காரின் முகத்தை நசுக்கி, அதைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போய்ச் சுவரில் ஒட்டிவைத்தது. மாஸ்டர் சாவியைத் திருப்பி அணைத்தார். பிள்ளைகள் ஓவென்று அழுதன. எனக்கு இனித்தது, மறைப்பானேன்.

மாஸ்டர் இறங்கி வந்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "நான் பாத்துக்கிட்டே இருந்தேன் மேடம். கால் அசையல. இதுல உக்காந்து பயந்தவங்கள்ல காலால மிதிக்காதவங்க இன்னிக்கு வரைக்கும் ரெண்டே பேர். ஒண்ணு நீங்க. இன்னொண்ணு உங்க அண்ணன்."

அண்ணன் இன்னும் லிவரைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான்.

"இழுத்தா நிக்கற வண்டி ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு" என்றேன். "அத எங்க வெச்சிருக்க?"

அவன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி தரையைப் பார்த்தார். சத்தியம் செய்ய வாயைத் திறந்தவன், என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். "மரக்கடையில... என் சிநேகிதன் ஷெட்டுல இருக்கு. தார்ப்பாய் போட்டுப் பத்திரமாத்தாம்மா வெச்சிருக்கேன். விக்கணும்னு எடுக்கல. உன் நல்லதுக்குத்தான். அங்க தனியா விழுந்து கிடந்தா உன்ன யாரு தூக்குவா?"

"விழுந்தா விழறேன். கிடந்தா கிடக்கறேன். அது என் இஷ்டம். நீ என் வண்டிய எடுக்கல, என் கால எடுத்து ஒளிச்சு வெச்ச. ஒளிச்சு வெச்சுட்டு தினமும் என்னத் தூக்கிச் சுமந்து நல்லவன் வேஷம் போட்ட."

அவன் அழுதான். நிஜமாகவே அழுதான் என்றுதான் நினைக்கிறேன். அண்ணி மட்டும், "குடும்பத்துக்குள்ள நடந்தது. ஸ்டேஷன் வரைக்கும் கொண்டு போகாத" என்றார். நான் மாஸ்டரை மரக்கடைக்கு அனுப்பினேன். சாயங்காலத்துக்குள் மாஸ்டர் என் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஒரு கீறல் இல்லை. அது என் கோபத்தைக் குறைக்கவில்லை, கூட்டியது.

செவ்வாய்க்கிழமை காலை என் பெட்டியும் கயிறும் சக்கர நாற்காலியும் பின் இருக்கையில் ஏறின. பிள்ளைகள் இரண்டையும் கட்டிக்கொண்டேன். சின்னவன், "அத்தை, இனிமே கணக்கு யாரு சொல்லித் தருவா?" என்றான். "உங்க அப்பாவக் கேளு" என்றேன். சொல்லிவிட்டு அவனை இன்னொரு தடவை கட்டிக்கொண்டேன்.

அண்ணன் வெயிலில் கேட்டருகே நின்றான். அவன் கார் பட்டறையில் கிடக்கிறது, மூன்று வாரம் ஆகுமாம்.

"ஸ்டேஷன்ல வண்டி கிடைச்சிடுச்சுன்னு மட்டும் சொல்லிடும்மா. எங்கயோ அனாதையா நின்னுச்சுன்னு சொல்லு. வா, ரெண்டு பேருமா உன் வண்டியிலயே போய்ச் சொல்லிட்டு வந்துடலாம்."

"எழுத்தருக்குக் காலையிலயே போன் பண்ணிட்டேன். திருடன் மத்தியானத்துக்குள்ள அவனாவே வந்து எழுதிக் குடுப்பான்னு சொல்லியிருக்கேன். வரலன்னா மாஸ்டரையும் மருந்துக்கடைக்காரரையும் கூட்டிக்கிட்டு நான் போவேன்."

"ஸ்டேஷன் மூணு மைல் இருக்கேம்மா. என் கார் வேற இல்ல..."

"போனா போகட்டும் விடுண்ணா" என்றேன். "உனக்குத்தான் ரெண்டு கால் இருக்கே. நடந்து போ."

லிவரை முன்னால் தள்ளினேன். தெருமுனையில் திரும்பும்போது கண்ணாடியில் பார்த்தேன். அண்ணன் ஸ்டேஷன் இருக்கும் பக்கமாக நடக்கத் தொடங்கியிருந்தான்.