வீட்டுல இருக்கிற வரைக்கும்

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் முதலில் அகிலாவைப் பார்த்தார்கள். பிறகு சொக்கியைப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு சொக்கியை மட்டுமே பார்த்தார்கள்.

சொக்கி ஒரு ஃபெரெட். கீரிப்பிள்ளைக்குத் தங்கச்சி மாதிரி நீளமாக, மெத்தென்று, கண்களைச் சுற்றிக் கறுப்புப் பட்டையோடு இருக்கும். அகிலாவின் புருஷன் பத்மநாபன் இறந்த நாளிலிருந்து அது அவருடைய டூட்டிச் சட்டைக்குள் புகுந்துகொண்டு வெளியே வர மறுத்தது.

"வாயில்லா ஜீவனுக்கு எவ்வளவு பாசம் பாருங்க" என்று கீழ் ஃப்ளாட் சுசீலா அழுதாள். அகிலாவின் தோளில் கை வைத்தபடிதான் அழுதாள். ஆனால் அழுதது சொக்கிக்காக. "ஏதாவது சாப்பிடுதா?" என்று அதைப் பற்றித்தான் கேட்டாள். அகிலா சாப்பிட்டாளா என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

துவைக்காத சட்டை அது ஒன்றுதான் மிச்சமிருந்தது. எல்லாரும் போன பிறகு அகிலா அதை மெதுவாக இழுத்துப் பார்த்தாள். சொக்கி பல்லைக் காட்டிச் சீறியது. அவள் கையை எடுத்துக்கொண்டாள். கட்டிய புருஷனின் வியர்வை வாசனைகூட அவளுக்கு இல்லை என்று ஆகிவிட்டது.

பத்மநாபன் ஷார்ஜாவில் ஒரு கட்டடப் பராமரிப்பு கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தார். அங்கே முவைலா பகுதியில் ஃப்ளாட்டைக் காலி செய்துகொண்டு கனடாவுக்குப் போன ஒரு குடும்பம், சாவியோடு சேர்த்து இந்தக் கூண்டையும் அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனது. "ரெண்டே நாள் அகிலா, வேற ஆள் பாத்துக் குடுத்தர்றேன்" என்றுதான் கொண்டுவந்தார்.

அந்த வாரக் கடைசியில் அவர் தரையில் குப்புறப் படுத்தார். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு வீட்டின் ஒவ்வொரு சந்தும் பொந்தும் தேடினார். தலை நுழைகிற இடத்தில் சொக்கியின் முழு உடம்பும் நுழைந்துவிடுமாம். சமையல் மேடைக்கு அடியில், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால், வாஷிங் மெஷின் பைப் போகிற ஓட்டையில், ஏசி கிரில்லில் எல்லாம் கம்பி வலை அடித்தார். கட்டுக்கம்பியை முறுக்கி, அதன் முனை சொக்கியின் மூக்கில் குத்தக் கூடாது என்று ஒவ்வொன்றையும் கொக்கி போல வளைத்து உள்ளே மடித்துவிட்டார். அந்தச் சமையலறையிலேயே குழாய் இரண்டு வருடமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. ஊரில் இருக்கிற குழாய்க்கெல்லாம் ஆள் அனுப்புகிற மனிதர். கேட்டால் "வெள்ளிக்கிழமை பாக்கறேன்" என்பார்.

அவள் ஆசைப்பட்டு வாங்கிய சாய்வு சோஃபா வாட்ச்மேன் அறைக்குப் போனது.

"அந்த இரும்பு மடங்கறப்ப உள்ளாற இருந்துச்சுன்னா நசுங்கிப் போயிரும் அகிலா."

"என்ர முதுகு?"

"தலகாணி வெச்சுக்க."

ரப்பரைத் தின்றால் அதற்குக் குடல் அடைத்துக்கொள்ளும் என்று அவளுடைய பாத்ரூம் செருப்பும் வெந்நீர்ப் பையும் அலமாரிக்கு மேலே ஏறின. வெந்நீர்ப் பை வேண்டுமென்றால் ஸ்டூல் போட்டு ஏற வேண்டும். முதுகு வலிக்காதபோதுதான் ஸ்டூலில் ஏற முடியும்.

இதையாவது பொறுத்துக்கொண்டிருப்பாள். டூட்டி முடிந்து கதவைத் திறந்ததும் "வாடி சொக்கி, வாடி என் தங்கம்" என்று அவர் கூப்பிடுவதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கல்யாணமான புதிதில் அகிலாவுக்கும் அந்த 'டி' இருந்தது. எப்போது நின்றது என்று அவளுக்கே நினைவில்லை.

பிறகு நஸீரா. பக்கத்துத் தெருவில் இருந்த கால்நடை கிளினிக்கின் கவுன்டரில் உட்காருகிறவள். ரப்பர் விஷயம், சோஃபா விஷயம் எல்லாம் அவள் சொல்லிக்கொடுத்ததுதான். பத்மநாபன் பால்கனியில் நின்று அவளோடு போனில் பேசுவார். ஒருநாள் அகிலா துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவர் சொன்னது அவள் காதில் விழுந்தது.

"சைட்ல நின்னாலும் நெனப்பெல்லாம் சொக்கி மேலதான். ஆனா வீட்டுல இருக்கிற வரைக்கும் எனக்குப் பயமே இல்ல நஸீரா."

நாலு முழம் வலைக்கும் கொஞ்சம் கம்பிக்கும் இத்தனை பெருமையா என்று அகிலா நினைத்துக்கொண்டாள். தான் கட்டிய வலையைப் பற்றி ஊரான் பெண்டாட்டியிடம் பீற்றிக்கொள்கிறார். அதே வீட்டில் நாள் முழுக்க இருக்கிறவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அவர் சைட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது அந்த வலைகள் எல்லாம் இடத்தில்தான் இருந்தன.

புருஷன் விசாவில் இருந்தவள். ஊருக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. சொக்கியைக் கொண்டுபோக விசாரித்த இடத்திலெல்லாம் கையை விரித்தார்கள். அப்போது நஸீராவின் புருஷன் செய்கு அலாவுதீன் போன் செய்தார். "நாங்க வளக்கோம்மா. எங்க வீட்டுல ரொம்ப ஆசைப்படுதாவ."

ஆசைப்படுவாள். ஏன் படமாட்டாள்?

வேறு யாரும் கேட்கவில்லை. நேராக மறுக்கக் காரணமும் இல்லை. அதனால் முதலில் வீட்டைப் பார்க்க வேண்டும் என்று அகிலா சொன்னாள். அடைக்காத சந்து ஒன்றே ஒன்று கண்ணில் பட்டாலும் போதும், தர முடியாது என்று திரும்பிவிடலாம். யாரிடம் வேண்டுமானாலும் சொக்கி போகட்டும். நஸீராவிடம் போகக் கூடாது.

கூண்டையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு போனாள். நஸீரா கடையநல்லூர்க்காரி. வாயும் நீளம், சிரிப்பும் நீளம். "வாங்கக்கா, வாங்க. ஏ சொக்கி, மெலிஞ்சிட்டியேட்டி!" என்று கூண்டுக் கதவைத் திறந்துவிட்டாள்.

புது இடம் என்றால் சொக்கி முதலில் மூக்கைத் தூக்கி மோந்து பார்க்கும். சுவர் ஓரமாகவே நகரும். இங்கே அது நேராக ஓடி, வலதுபக்க அறைக்குத் திரும்பி, கட்டிலுக்கு அடியில் மறைந்தது. சொந்த வீட்டில் நடக்கிற நடை அது.

அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் குப்புறப் படுத்தாள்.

"அய்ய, என்னக்கா இது? எந்திரிங்க, பாய் விரிக்கேன்."

"வேண்டாம்."

சமையல் மேடைக்கு அடியில் டார்ச் அடித்தாள். வலை இருந்தது. ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் வலை இருந்தது. கையை நீட்டித் தொட்டுப் பார்த்தாள். கம்பியின் முனை விரலில் குத்தவில்லை. கொக்கி போல வளைத்து, உள்ளே மடித்திருந்தது.

அவள் தலையைத் தூக்காமலே கேட்டாள். "இது எப்ப செஞ்சாரு?"

நஸீராவின் சிரிப்பு நின்றது. "போன லீவுக்கு நீங்க ரெண்டு பேரும் ஊருக்குப் போனியளே, அப்ப. சொக்கி எங்ககிட்டதான் இருந்துச்சு. அண்ணன் ஒங்ககிட்ட சொல்லலையா?"

"பிராணிக ஹாஸ்டல்ல விட்டுருக்கறதாச் சொன்னாரு."

"அது..." நஸீரா முந்தானையைத் திருகினாள். "வீட்டுல சொன்னா கோவிச்சுக்கும்னு அண்ணன் பயந்தாவ."

அகிலா எழுந்து உட்கார்ந்தாள். முழங்கையெல்லாம் தூசி. "ஓ. என்ர கோவம் வரைக்கும் உனக்குத் தெரியும். இன்னும் என்னென்ன பேசிக்குவீங்க? இங்க குப்புறப் படுத்துக்கிட்டே பேசுவாரா, இல்ல எந்திரிச்சு டீ குடிச்சுட்டா?"

"அக்கா!" நஸீராவின் முகம் சிவந்தது. "எங்க வீட்டு ஆளும் டார்ச் புடிச்சிட்டு பக்கத்துலதான் நின்னாவ. கேட்டுக்கிடுங்க, அண்ணன் என்ன பேசுவாவன்னு. வந்ததுலேர்ந்து போற வரைக்கும் வீட்டுல, வீட்டுல, வீட்டுல. 'எங்க வீட்டுல மெஷின் போடறதுக்கு முன்னாடி உள்ள கையை விட்டுத் தடவிப் பாக்கும். நான் சொல்லிக் குடுக்கல, அதுவா பாக்குது. சொக்கி பொழச்சுக் கெடக்கறது அதனாலதான்'ம்பாவ. கேட்டுக் கேட்டு எனக்கே எரிச்சலா வரும். எங்க வீட்டு மனுசன் என்னைப் பத்தி இப்படி ஒரு நாளாவது யார்ட்டயாவது சொல்லியிருப்பாரான்னு."

அகிலாவுக்கு உடனே விளங்கவில்லை. துணியோடு சொக்கி உள்ளே இருக்கிறதா என்று வாஷிங் மெஷினில் கையை விட்டுப் பார்ப்பது அவள் வழக்கம்தான். அதை அவர் பார்த்தார் என்பதுகூட அவளுக்குத் தெரியாது. மெல்லக் கேட்டாள். "வீட்டுல இருக்கிற வரைக்கும் பயமே இல்லைன்னு ஒருநாள் உங்கிட்ட போன்ல சொன்னாரே. அது... வலையெல்லாம் அடிச்சு வெச்சிருக்குது, சொக்கி வீட்டுக்குள்ள இருக்கிற வரைக்கும்னுதானே?"

நஸீரா அவளையே பார்த்தாள். கோபம் எங்கே போனதோ, சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"கட்டடத்தையா? நல்லாருக்கு போங்க! எந்த ஆம்பளக்கா போன்ல 'வீட்டுல'ன்னா செங்கல்லயும் சிமெண்டயும் சொல்லுதான்? ஒங்களத்தான் சொன்னாவ!"

அகிலாவும் சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை. தனக்கு வர வேண்டிய வார்த்தைகள் இத்தனை நாளாக வேறொருத்தியின் காதில் இருந்திருக்கின்றன. அவளுக்கு மிஞ்சியது "தலகாணி வெச்சுக்க" மட்டும். நஸீராவை அதட்டி, அவர் சொன்னது எல்லாவற்றையும், எந்த நாளில் எந்தக் குரலில் சொன்னார் என்பதோடு, திருப்பிக் கொடு என்று வாங்கிக்கொண்டு போய்விட வேண்டும் போல இருந்தது.

"வேற என்ன சொல்லுவாரு?" என்று மட்டும் கேட்டாள்.

நஸீரா சொன்னாள். அகிலா வைக்கிற புளிக்குழம்பைப் பற்றி, அகிலாவின் முதுகுவலியைப் பற்றி, சோஃபாவைக் கொடுத்த பிறகு வேறு ஒன்று பார்க்கக் கடை கடையாகப் போய், இரும்பு இல்லாதது கிடைக்காமல் திரும்பியதைப் பற்றி. அகிலா தரையிலேயே உட்கார்ந்து கேட்டாள். ஒவ்வொன்றும் இனித்தது. இனித்த இடத்திலேயே சுட்டது.

பேச்சுக்கு நடுவே சொக்கி அறையிலிருந்து வந்து, ஹாலில் இருந்த சோஃபாவுக்கு அடியில் நுழைந்தது. நுழைந்தது வெளியே வரவில்லை. அகிலா மீண்டும் குனிந்து டார்ச் அடித்தாள். சோஃபாவின் அடித்துணி ஒரு மூலையில் கிழிந்திருந்தது. உள்ளே ஸ்பாஞ்சு தெரிந்தது.

"இது எப்ப வாங்கினது?"

"போன மாசம்தான். அண்ணன் பாக்கல." நஸீராவின் குரல் இறங்கிவிட்டது. ஸ்பாஞ்சும் ரப்பரும் ஒன்றுதான் என்று அவளுக்குத் தெரியாதா? அகிலா என்ன சொல்லப்போகிறாள் என்று முகத்தையே பார்த்தாள்.

தேடி வந்த சந்து கிடைத்துவிட்டது. இப்போது கூண்டை எடுத்துக்கொண்டு எழுந்து போகலாம். யாரும் குறை சொல்ல முடியாது.

அகிலா கிழிசலுக்குள் கையை விட்டு, சொக்கியைக் கழுத்துப் பிடியில் பிடித்து வெளியே எடுத்தாள். வாயில் ஒரு துண்டு ஸ்பாஞ்சு இருந்தது. விரலை விட்டு அதைத் தோண்டி எடுத்தாள். சொக்கி கடிக்கவில்லை.

"கோணி ஊசி இருக்குதா?" என்றாள். "கித்தான் மாதிரி கெட்டித் துணி ஏதாச்சும் எடுத்துட்டு வா. சோஃபாவைக் கவுக்கணும். உங்க வீட்டுக்காரரையும் கூப்பிடு."

செய்கு அலாவுதீனும் வந்து சேர, மூன்று பேருமாகச் சோஃபாவைக் கவிழ்த்தார்கள். நஸீரா துணியை இழுத்துப் பிடிக்க, அகிலா நெருக்கமாகத் தைத்தாள். முடிச்சுப் போட்டு, முனையை உள்ளே தள்ளினாள். நிமிர்த்தி வைத்த பிறகு சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொரு மூலையிலும் விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"இனி ஒரு பயமும் இல்லக்கா" என்றாள் நஸீரா. சொக்கிக்கு என்று வாங்கி வைத்திருந்த புதுத் தொங்கு மெத்தையைக் கொண்டுவந்து காட்டினாள். ரோஸ் நிறம். "இன்னிக்கு ராத்திரி இதுலதான் தூக்கம், பாருங்க."

அகிலா சொக்கியைக் கூண்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்தினாள்.

"பிளைட்டுக்குக் கிளம்பற அன்னிக்குக் கொண்டாந்து விடறேன். அதுவரைக்கும் எங்கூட இருக்கட்டும்."

"ஏன்க்கா? எல்லாம்தான் அடச்சாச்சே?"

"அடைச்சாச்சு. இருந்தாலும் எங்கூட இருக்கட்டும்."

நஸீராவின் முகம் சுருங்கிப் போனது. தொங்கு மெத்தையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கூண்டுக்குள் சொக்கியைப் பார்த்தாள். பிறகு கூண்டைப் பிடித்திருந்த அகிலாவின் கையைப் பார்த்தாள்.

அந்த முகத்தைப் பார்க்க அகிலாவுக்கு நன்றாகத்தான் இருந்தது.